‘ராங் நம்பர், நீ தூங்கு’: ஒரு துரத்தல் நாவலின் பின்னணி

இரவு இரண்டு மணி இருக்கும். தொலைபேசி அடிக்கிறது. ஜோ ரோஸ் எழுந்து எடுக்கிறான். மறுமுனையில் பேசுபவன், அன்று பிற்பகல்தான் முதன்முதலாகப் பார்த்த ஓர் இளைஞன். உங்கள் மனதில் இருப்பது எனக்குப் புரிகிறது, எனக்கும் அதே உணர்வுதான், உங்களை நேசிக்கிறேன் என்கிறான். ஜோ பேச்சைத் துண்டித்துவிடுகிறான். பக்கத்தில் படுத்திருக்கும் கிளாரிசா தூக்கக் கலக்கத்தில் யாரென்று கேட்கிறாள். ஒன்றுமில்லை, ராங் நம்பர், நீ தூங்கு என்கிறான் ஜோ.

இயன் மக்யூவன் 1997இல் வெளியிட்ட ‘எண்ட்யூரிங் லவ்’ என்ற ஆங்கில நாவலைப் படித்தவர்களிடம் கேட்டால், முதல் அத்தியாயத்தில் வரும் பலூன் விபத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லத் தகுந்த அத்தியாயம்தான். ஆனால் நாவலின் அச்சாணி அந்த விபத்தில் இல்லை, இந்தச் சின்னப் பொய்யில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவனை இன்னொருவன் விடாமல் துரத்துகிறான் என்பது வெளிக்கதை. துரத்தப்படுகிறவன் சொல்வதை அவன் வீட்டில் இருப்பவளே நம்பாமல் போவதுதான் உள்ளே ஓடும் கதை. திகில் அங்கேதான் இருக்கிறது. (இனி முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கதை தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் படித்துவிட்டு வரலாம்.)

முதலில் பலூன். கிளாரிசா ஆங்கிலக் கவி கீட்ஸைப் பற்றி ஆய்வு செய்கிற பேராசிரியை. ஜோ அறிவியல் கட்டுரைகள் எழுதிப் பிழைக்கிறவன், கொஞ்சம் வசதியானவன். சில வாரங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பும் கிளாரிசாவை விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு, லண்டனுக்கு வெளியே சில்டர்ன் குன்றுகளில் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறான். மது பாட்டிலின் கழுத்தில் கை வைக்கும் நேரத்தில் ஒரு கூச்சல் கேட்கிறது. காற்றில் அடித்துச் செல்லப்படும் ஹீலியம் பலூனின் கூடையில் ஒரு சிறுவன் சிக்கியிருக்கிறான். நாலா பக்கமிருந்தும் ஆண்கள் ஓடிவந்து கயிறுகளைப் பிடிக்கிறார்கள். பெருங்காற்று ஒன்று வந்து எல்லோரையும் தரையிலிருந்து தூக்குகிறது. எல்லோரும் தொங்கினால் பாரத்தில் பலூன் இறங்கிவிடும். யாரோ ஒருவர் கையை விடுகிறார். ஒருவர் விட்டதும் மற்றவர்களும் விடுகிறார்கள். ஜான் லோகன் என்ற மருத்துவர் மட்டும் விடவில்லை. பலூன் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. பிடி தளர்ந்து அவர் விழுந்து சாகிறார். கூடையில் இருந்த சிறுவனோ பத்திரமாகத் தரையிறங்கிவிடுகிறான்.

முதலில் கையை விட்டது யார்? நாவல் கடைசி வரை இதற்குப் பதில் சொல்வதில்லை. நான் இல்லை என்று ஜோ நினைக்கிறான், நினைக்க விரும்புகிறான். அந்தக் குற்ற உணர்வோடு பிணத்தருகே போய் நிற்கும்போது, கயிறு பிடித்தவர்களில் ஒருவனான ஜெட் பாரி வந்து, சேர்ந்து மண்டியிட்டு ஜெபிக்கலாமா என்று கேட்கிறான். ஜோ கடவுள் நம்பிக்கை இல்லாதவன், மறுக்கிறான். இருவருக்கும் நடுவில் நடந்தது அவ்வளவுதான். ஒரு பார்வை, ஒரு மறுப்பு. பாரிக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அன்றிரவே தொலைபேசி வருகிறது.

பாரிக்கு இருப்பது கதைக்காக மக்யூவன் கற்பனை செய்த நோய் இல்லை. பிரெஞ்சு மனநல மருத்துவர் கயெத்தான் காட்டியான் டி கிளேராம்போவின் பெயரால் அறியப்படும் மனநிலை அது. 1872இல் பிறந்த அவர், பாரிஸ் போலீஸ் துறையின் சிறப்பு மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தெருவில் போலீஸ் பிடித்துவரும் மனநலம் குன்றியவர்களை முதலில் பார்க்கும் இடம் அது. ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த அனுபவத்தில், 1921இல் இந்த நிலையை விரிவாக எழுதினார். அதில் வரும் 53 வயதுப் பெண்ணின் கதை மனநல மருத்துவ வரலாற்றில் மிகவும் பேசப்பட்டது.

இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிக்கிறார் என்று அந்தப் பெண் உறுதியாக நம்பினார். பாரிஸிலிருந்து பலமுறை லண்டனுக்குப் போய் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே நின்றார். ஜன்னல் திரை ஒன்று அசைந்தால் அது மன்னர் தனக்குக் காட்டும் ஜாடை. லண்டனில் தங்க இடம் கிடைக்காவிட்டால் அதற்கும் காரணம் மன்னர்தான். பெட்டி தொலைந்தாலும் மன்னரின் வேலைதான். இத்தனை இடைஞ்சல் செய்கிற ஆள் எப்படிக் காதலராக இருக்க முடியும் என்று நாம் கேட்போம். அவருக்கோ ஒவ்வொரு இடைஞ்சலும் காதலுக்கு இன்னொரு அத்தாட்சி. அக்கறை இல்லாதவர் இவ்வளவு மெனக்கெடுவாரா?

நாவலில் இந்தத் திரை அப்படியே வருகிறது. தெருவில் நிற்கும் பாரி, வீட்டு ஜன்னல் திரைகள் வழியாக ஜோ தனக்குச் செய்தி அனுப்புவதாகப் பேசுகிறான். எங்கோ படித்த ஒன்று ஜோவின் நினைவில் இடறுகிறது. ஒரு திரை, ஒரு ஜாடை, ஓர் அரண்மனை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் நோயின் பெயரைக் கண்டுபிடிக்கிறான். இன்னொரு இடமும் உண்டு. வீட்டு வாசலில் உள்ள வேலிச்செடியின் மேல் ஜோ போகிற போக்கில் கையை ஓட்டிவிட்டுப் போயிருக்கிறான். பிறகு பாரி அந்த இலைகளைத் தொட்டுப் பார்க்கிறான். ஜோவின் விரல் பட்ட இலைகள் ஒருவித வெதுவெதுப்போடு இருப்பதாகவும், அவற்றில் தனக்கான செய்தி இருப்பதாகவும் கடிதம் எழுதுகிறான். நாவலிலேயே அழகான பத்திகளில் அது ஒன்று. அழகாக இருப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

டி கிளேராம்போவே விசித்திரமான மனிதர் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் மொராக்கோவில் இருந்தபோது, உடல் முழுக்கத் துணி போர்த்திய பெண்களை ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்தவர். துணி எப்படி மடிந்து விழுகிறது என்பதைப் பற்றிப் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் பாடமே நடத்தியிருக்கிறார். கண்பார்வை மங்கிய நிலையில் 1934இல் கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னைச் சுட்டுக்கொண்டார். மனநல மருத்துவத்தில் தனக்கு இருந்த ஒரே ஆசான் இவர்தான் என்று பின்னாளில் சொன்னவர் புகழ்பெற்ற பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான்.

சரி, இது நமக்குத் தெரிந்த ஒருதலைக் காதல்தானே, கைக்கிளை என்று தொல்காப்பியமே வகுத்துவைத்ததுதானே என்று தோன்றலாம். இல்லை. கைக்கிளையில் நிற்பவனுக்குத் தன் காதல் ஒருதலையானது என்று தெரியும். அந்த ஏக்கம்தான் பாட்டாகிறது. டி கிளேராம்போ சொன்ன நிலையில் ஏக்கத்துக்கே இடமில்லை. முதலில் காதலித்தது எதிராளிதான், நான் அதற்கு இணங்குகிறவன் மட்டும்தான் என்பது நோயாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் மறுப்பு என்ற ஒன்று அவருக்கு வந்து சேர்வதே இல்லை. “போய்விடு” என்றால் சோதிக்கிறான் என்று பொருள். மௌனமாக இருந்தால் ரகசியம் காக்கிறான். போலீஸுக்குப் போனால், தன் உணர்வுக்குத் தானே பயப்படுகிறான். எதைச் சொன்னாலும் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறவனிடம் எந்தச் சொல்லைச் சொல்லி மறுப்பது? இது முதலில் நம்பிக்கையாகவும், பிறகு மனக்கசப்பாகவும், கடைசியில் வன்மமாகவும் மாறும் என்று டி கிளேராம்போ மூன்று கட்டங்களைச் சொன்னார். பாரி அந்த மூன்றையும் வரிசையாகக் கடக்கிறான்.

பாரி வந்து சேரும் வீட்டுக்கு வருவோம். ஜோவும் கிளாரிசாவும் ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். கிளாரிசாவுக்குக் குழந்தை பிறக்காது. அந்த வருத்தத்தை இருவரும் பேசிப் பேசி ஓரமாக வைத்திருக்கிறார்கள். பண நெருக்கடி கிடையாது, பெரிய சண்டை கிடையாது. பழைய துப்பறியும் கதைகளில் வருவது போல மாமனாரின் உயிலோ பூட்டிய அறையோ இல்லை. இவ்வளவு சுமுகமான வீட்டைக் குலைக்க ஒரு கதாசிரியருக்கு என்ன வழி?

மக்யூவன் ஆதாரத்தைக் கையில் எடுக்கிறார். முதல் பொய்யை ஜோ இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொள்கிறான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கிளாரிசா கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொலைபேசியின் பதிவுக் கருவியில் பாரி ஏகப்பட்ட செய்திகளை விடுகிறான். ஜோ எரிச்சலில் டேப்பை அழித்துவிடுகிறான். பிறகு கிளாரிசாவிடம் அதைப் பற்றிச் சொல்லும்போது கையில் ஒன்றும் இல்லை. பாரி எதிர்த்த நடைபாதையில் நிற்கிறான் என்கிறான் ஜோ. கிளாரிசா எட்டிப் பார்க்கும் நேரத்தில் அங்கே யாருமில்லை. கடைசியில் கடிதங்கள் வருகின்றன, இதோ ஆதாரம் என்று காட்டுகிறான். கிளாரிசா பார்த்துவிட்டு, இந்தக் கையெழுத்து உன் கையெழுத்து மாதிரியே இருக்கிறதே என்கிறாள்.

அந்த ஒற்றை வரிக்குப் பிறகு வாசகராகிய நமக்கும் தரை நழுவுகிறது. இதுவரை கதையைச் சொல்லிவந்தவன் ஜோ. பாரி என்று ஒருவன் உண்மையிலேயே துரத்துகிறானா, அல்லது ஒருவர் சாகக் காரணமாக இருந்துவிட்டோமோ என்ற உறுத்தலில் ஜோ தனக்குள் ஒருவனை உருவாக்கிக்கொண்டானா? போதாததற்கு ஜோ நிரூபணத்தில் வெறி பிடித்தவனாகிக்கொண்டிருக்கிறான். நாள் முழுக்க அதே பேச்சு, அதே குறிப்பெடுப்பு. கிளாரிசா ஏன் நம்ப மறுக்கிறாள், அவளுக்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்ற எண்ணம் வந்து, ஒருநாள் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து கடிதங்களைப் படிக்கிறான். அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. பாரி திரையில் ஜாடை தேடுகிறான், ஜோ இழுப்பறையில் தேடுகிறான். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைத்ததைவிடக் குறைவு என்பதை நாவல் வாயைத் திறந்து சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை.

இறந்துபோன மருத்துவர் லோகனின் வீட்டிலும் இதே நோய் வேறு வடிவில் ஓடுகிறது. கணவனின் காரில் இருவருக்கான சாப்பாடும் ஒரு பெண்ணின் ஸ்கார்ஃபும் கிடைக்கின்றன. தன் கணவன் வேறொரு பெண்ணோடு வந்திருக்கிறான், அவள் முன்னால் வீரம் காட்டத்தான் கயிற்றை விடாமல் தொங்கினான் என்று மனைவி ஜீன் முடிவு செய்கிறாள். துக்கப்பட வேண்டிய நேரத்தில் ஆத்திரத்தில் எரிகிறாள். சிறு பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் தெரியவரும் உண்மை இது: ஒரு பேராசிரியரும் அவருடைய இளம் மாணவியும் ரகசியமாகச் சுற்ற வந்தவர்கள். அவர்களுடைய கார் பழுதாகிவிட, லோகன் வழியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். சாப்பாடும் ஸ்கார்ஃபும் அவர்களுடையவை. ஜீன் தன் கணவனை நினைத்து, இனி என்னை மன்னிக்க யார் இருக்கிறார்கள் என்று தவிக்கிறாள். மன்னிக்கக்கூடிய ஒரே ஆள் இறந்துவிட்டார். துணைக்கதை என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு நாவலின் ஆகக் கூர்மையான பகுதி இதுதான். பைத்தியம் யாரும் இல்லாமலே, ஒரு ஸ்கார்ஃபை வைத்து ஒரு தாம்பத்தியத்தையே திருப்பி எழுதிவிட முடிகிறது.

ஜோ போலீஸுக்கும் போகிறான். அடித்தானா, மிரட்டினானா, பொருளைச் சேதப்படுத்தினானா என்று கேட்கிறார்கள். எதற்கும் இல்லை என்பதுதான் பதில். வெறுமனே காதலிக்கிறான் என்று புகார் கொடுக்க முடியுமா? இதைப் படிக்கும்போது நாவல் வந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. துரத்தலுக்கென்று தனிச்சட்டம் முதலில் வந்தது 1990இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். அதற்கு முந்தைய ஆண்டு ஓர் இளம் நடிகையை ரசிகன் ஒருவன் வீடு தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றிருந்தான். இங்கிலாந்தில் தொல்லையிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டம் 1997 மார்ச்சில்தான் நிறைவேறியது. தனித்தனியாகப் பார்த்தால் குற்றமாகத் தெரியாத செயல்கள்கூட, இரண்டு முறைக்குக் குறையாமல் தொடர்ந்தால் தொல்லை ஆகலாம் என்று அது வகுத்தது. அதே ஆண்டு ஜூலையில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு ஒன்றும் வந்தது. தொலைபேசியில் அழைத்து ஒன்றும் பேசாமல் இருப்பதுகூட, அது மனநலத்தைச் சிதைத்தால், தாக்குதலாகக் கருதப்படலாம் என்றது. துரத்தல் என்ற பெயரிலேயே தனிக் குற்றப் பிரிவுகள் அங்கே சேர்ந்தது 2012இல். ஆக, ஜோவுக்கு நேர்வது என்ன என்று சொல்லச் சட்டமே அப்போதுதான் வாயெடுத்துக்கொண்டிருந்தது.

நம் ஊரில் 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவு சேர்ந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. முதல் முறை மூன்றாண்டு வரை சிறை. ஆனால் அதன் வாசகம் ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதைத்தான் சொல்கிறது. ஜோ நம் ஊர்க்காரனாக இருந்தால் இந்தப் பிரிவில் அவனால் புகார் கொடுக்க முடியாது.

வீட்டுக்குள்ளேயே ஆபத்து முளைக்கும் இந்த வகை நாவலுக்கு ஆங்கிலத்தில் நீண்ட பரம்பரை உண்டு. 1859இல் வில்கி காலின்ஸ் தொடராக எழுதத் தொடங்கிய ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலில் கல்யாணமே பொறி. மனைவியின் சொத்து கணவனுக்குப் போய்விடும் காலம், அவளை மனநலக் காப்பகத்தில் அடைத்துவிட்டால் கதை முடிந்தது. திருமணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே முழுமையான சட்டம் வந்தது 1882இல்தான். மக்யூவனின் காலத்தில் கிளாரிசாவை யாராலும் அடைத்துவைக்க முடியாது. அவளுக்குச் சொந்த வேலை, சொந்த வருமானம், வேண்டாமென்றால் வெளியேறும் உரிமை எல்லாம் இருக்கிறது. அதனால் ஆபத்து பூட்டிலிருந்து நம்பிக்கைக்கு இடம் மாறிவிட்டது.

பின்பகுதி வேகமாக ஓடுகிறது. கிளாரிசாவின் பிறந்தநாள் விருந்தில், பக்கத்து மேஜையில் இருந்தவரை யாரோ சுடுகிறார்கள். குறி தனக்கு என்பது ஜோவுக்கு உறுதி, போலீஸ் நம்பவில்லை. என்ன ஐஸ்கிரீம் வந்தது என்பதில்கூடச் சாட்சிகளின் பேச்சு ஒத்துப்போவதில்லை. ஜோ கள்ளத் துப்பாக்கி வாங்குகிறான். பாரி கத்தியோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஜோ சுட்டு அவன் கையைக் காயப்படுத்துகிறான். உண்மையைச் சொன்னால், துப்பாக்கி வந்ததும் எனக்கு ஆர்வம் குறைந்துபோனது. யார் சரி என்பது தீர்ந்துவிட்டதே. 2004இல் டேனியல் கிரெய்க் நடித்து வந்த படத்திலும் எனக்கு இதே குறைதான்.

நல்லவேளை, மக்யூவன் அங்கே நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு கிளாரிசா ஒரு கடிதம் எழுதுகிறாள். பாரி விஷயத்தில் நீ சொன்னது சரிதான், நான் நம்பாதது தப்புதான் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆனால் அவன் நம் வாழ்க்கைக்குள் வந்ததும் முதலில் நடந்தது நீ எனக்கு அந்நியனாகிப்போனதுதான் என்கிறாள். நீ என்னைச் சேர்த்துக்கொண்டு யோசிக்கவில்லை, தனியாக ஓடினாய், டேப்பை அழித்தாய், என் இழுப்பறையைத் திறந்தாய். ஜோ சரியாக இருந்தும் தோற்ற இடத்தை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டுகிறாள். அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள்.

அப்புறம் நாவலின் கடைசியில் பிற்சேர்க்கையாக ஒரு மருத்துவ ஆய்வுக்கட்டுரை. வென், காமியா என்று இரண்டு மருத்துவர்கள் எழுதியதாக, மருத்துவ இதழ் நடையில், அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எல்லாவற்றோடும் இருக்கும். பட்டியலில் உண்மையான ஆய்வுகளும் கலந்திருக்கின்றன. துரத்துகிறவர்களைப் பற்றி மல்லன், பாத்தே என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. இதைப் படித்த பலரும், இந்த உண்மை நோயாளியின் கதையை வைத்துத்தான் நாவல் எழுதப்பட்டது என்று நம்பிவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஒருவர், ஆசிரியர் உண்மைச் சம்பவத்தை அளவுக்கு மீறி ஒட்டியே போய்விட்டார் என்று குறைகூட எழுதினார். ஆங்கில எழுத்துகளில் அந்த இரண்டு மருத்துவர்களின் குடும்பப் பெயர்களைச் சேர்த்துக் கலைத்து அடுக்கினால் இயன் மக்யூவன் என்று வரும். 1999இல் மனநல மருத்துவர்களின் இதழ் ஒன்றுக்கு அவரே கடிதம் எழுதி, பிற்சேர்க்கை கற்பனை, நாவலிலிருந்துதான் அது பிறந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆதாரத்தை யார் நம்புவது என்று இருநூற்றுச் சொச்சம் பக்கம் பேசிய நாவல், போலி ஆதாரம் ஒன்றைத் தயாரித்து விமர்சகர்களையே ஏமாற்றியிருக்கிறது. ஜோவும் கிளாரிசாவும் பிறகு சமாதானமாகி ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார்கள் என்ற தகவலும் அந்தக் கட்டுரையின் நடுவில்தான், நோயாளியைப் பற்றிய குறிப்புகளுக்கு இடையே, போகிற போக்கில் வருகிறது. கவனமில்லாமல் புரட்டினால் தவறிவிடும்.

இங்கிலாந்தில் பள்ளி மேல்வகுப்புகளுக்கு இது பாடநூலாகவும் இருந்தது. மக்யூவனின் மகனே இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அப்பா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். மகனுக்குக் கிடைத்தது குறைந்த மதிப்பெண். நாவலின் அறம் பாரியின் பக்கம் இருக்கிறது என்பது பள்ளி ஆசிரியரின் கருத்து, அவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பது தன் கருத்து என்று மக்யூவன் பேட்டியில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நாவலாசிரியரின் சாட்சியமே அந்த வகுப்பறையில் செல்லுபடியாகவில்லை. ஆனால் கிளாரிசாவின் கடிதத்தைப் படித்தபிறகு அந்த ஆசிரியரை என்னால் முழுதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. பாரியின் பக்கம் நியாயம் இல்லைதான், ஆனால் ஜோவின் பக்கம் மொத்த நியாயமும் இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தால் நானும் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.